2003-04 டெட்ராய்ட் பிஸ்டன்ஸ்: லேக்கர்ஸ் கவிழ்ந்ததா, பிஸ்டன்ஸ் கவிழ்த்ததா?

நடுக்கோடு:
2004 என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஃபைனல்ஸ், அதாவது டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸை 4-1 என்று வென்ற தொடர் என்று பேச்செடுத்தாலே, "லேக்கர்ஸ் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். லேக்கர்ஸ் நட்சத்திரங்கள் ஷாக்கும் (ஷாகில் ஓ'நீல்) கோபியும் (கோபி பிரையன்ட்) முட்டிக்கொண்டது, கார்ல் மலோனின் முழங்கால், கேரி பேட்டனின் புலம்பல் எல்லாம் நடந்தவைதான். ஆனாலும் ஸ்கோரைப் பாருங்கள் (டெட்ராய்ட் முதலில்): 87-75, 91-99 (ஓவர்டைம்), 88-68, 88-80, 100-87. ஐந்து ஆட்டத்துக்கும் சேர்த்து 454-409. டெட்ராய்ட் ஜெயித்த நான்கும் 12, 20, 8, 13 புள்ளி வித்தியாசம். கடைசி நொடி அதிர்ஷ்டத்தில் வந்த வெற்றி ஒன்றுகூட இல்லை. எதிராளி சண்டை போட்டுக்கொண்டதால் மட்டும் ஒரு டீமுக்கு இப்படி நடக்காது. தற்காப்பு, ட்ரேடு (ஆட்டக்காரர் பரிமாற்றம்), விதிகள் மூன்றையும் வைத்துப் பேசுவோம். கோர்ட் வழக்கு, டிரெஸ்ஸிங் ரூம் வம்பு வேண்டாம்.

முக்கோணம்:
ஸ்கோர் சரிதான் சார், ஆனா பின்னணியையும் சொல்லணும்ல. லேக்கர்ஸ் அந்த சீசனை 18-3ன்னு (18 வெற்றி, 3 தோல்வி) ஆரம்பிச்ச டீம். டிசம்பர்ல ஃபீனிக்ஸுக்கு எதிரா மலோனுக்கு முழங்கால் போச்சு. அந்த வருஷம் அவர் ஆடினது 42 ஆட்டம்தான். ஃபைனல்ஸ் ரெண்டாவது ஆட்டத்துல மறுபடி அதே முழங்கால். அஞ்சாவதுல இறங்கவே இல்ல, மெட்வெடென்கோ ஸ்டார்ட் பண்ணினார். டெட்ராய்டோட பெரிய ஆள் ரஷீத் வாலஸை வெளிய வரைக்கும் போய்ப் பிடிக்க, கீழே ஷாக்குக்குத் துணையா ரீபவுண்ட் எடுக்க, ஹை போஸ்ட்லேருந்து பாஸ் போட, மூணுக்கும் இருந்தது ஒரே ஆள், அவர்தான்.

இன்னொண்ணு, பிஸ்டன்ஸ் ஆடின கிழக்குப் பிரிவு அந்த வருஷம் சப்பை. 36-46 எடுத்த பாஸ்டன் எட்டாவது இடத்துல பிளே-ஆஃப் போச்சு. மேற்குல 42-40 எடுத்த யூட்டா வீட்டுக்குப் போச்சு. பிஸ்டன்ஸ் களைப்பில்லாம ஃபைனல்ஸுக்கு வந்துட்டாங்க.

நடுக்கோடு:
களைப்புக் கணக்கு நிற்காது. டெட்ராய்ட் மில்வாக்கியோடு 5, நியூ ஜெர்சியோடு 7, இண்டியானாவோடு 6 என்று 18 ஆட்டம் ஆடிவிட்டு வந்தது. லேக்கர்ஸ் ஹூஸ்டன் 5, சான் அன்டோனியோ 6, மினசோட்டா 6 என்று 17. நியூ ஜெர்சி தொடரின் ஐந்தாவது ஆட்டம் வேறு மூன்று ஓவர்டைம், 127-120 தோல்வி. கிழக்கு சப்பை என்றால் 61-21 எடுத்த இண்டியானாவை எங்கே வைப்பது? அந்த வருடம் லீக்கிலேயே அதிக வெற்றி அவர்களுக்குத்தான். கோச் ரிக் கார்லைல். முந்தைய வருடம் வரை டெட்ராய்டில் இருந்து, இரண்டு சீசன் வரிசையாக 50 வெற்றி எடுத்தும் அனுப்பப்பட்டவர். டெட்ராய்ட் ஆட்டக்காரர்களை அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

அதிர்ஷ்டம் லேக்கர்ஸ் பக்கமும் அடித்தது. சான் அன்டோனியோ ஐந்தாவது ஆட்டத்தில் லேக்கர்ஸின் ஃபிஷர் 0.4 நொடி மீதி இருக்கும்போது பந்து வாங்கிப் போட்ட ஷாட், 74-73. மினசோட்டா தொடரில் அந்த டீமின் சாம் கசெலுக்கு இடுப்பு வலி. மலோன் விஷயம்: முதல் ஆட்டத்தில் அந்த முழங்கால் இன்னும் போகவில்லை. அதுவும் லேக்கர்ஸ் சொந்த ஊரில். 12 புள்ளியில் தோல்வி.

பெஞ்சுக்காரன்:
நான் ட்ரேடு பக்கம் வரேன். பிப்ரவரி 19, 2004, ட்ரேடு கெடு நாள். அதுக்குப் பத்து நாள் முன்னாடிதான் போர்ட்லேண்ட் ரஷீதை அட்லாண்டாவுக்குத் தள்ளிவிட்டுச்சு. அட்லாண்டாவுக்கு அவர் ஆடினது ஒரே ஒரு ஆட்டம். அட்லாண்டாவுக்கு வேண்டியது ஆளில்ல, முடியப்போற அந்த கான்ட்ராக்ட் (சீசன் முடிஞ்சதும் சம்பளச் சுமை குறையும்).

சிக்கல் சம்பளத்துல. ரஷீதுக்கு அந்த வருஷம் ஏறத்தாழ 17 மில்லியன் டாலர். அப்போதைய ஒப்பந்தப்படி சம்பள வரம்பைத் தாண்டின டீம், தான் கொடுக்குற சம்பளத்துல 115 சதவீதமும் மேல ஒரு லட்சம் டாலரும் வரைக்கும்தான் திருப்பி வாங்க முடியும். முக்கிய ஆளுங்கள்ல (பிலப்ஸ், ஹாமில்டன், பிரின்ஸ், பென் வாலஸ்) யாரையும் கொடுக்காம இந்தத் தொகையைச் சேர்க்கணும். அதனாலதான் மூணாவது டீமா பாஸ்டன் உள்ள வந்தது. டெட்ராய்ட் கொடுத்தது:

பாஸ்டனுக்கு சக்கி அட்கின்ஸ், லிண்ட்சி ஹண்டர், ஒரு முதல் சுற்று பிக் (டிராஃப்ட்ல புது ஆள் எடுக்கற உரிமை).
அட்லாண்டாவுக்கு பாப் சுரா, செல்கோ ரெப்ராச்சா, இன்னொரு முதல் சுற்று பிக். பாஸ்டன் தன் பங்குக்கு கிறிஸ் மில்ஸை அட்லாண்டாவுக்கு அனுப்புச்சு.
டெட்ராய்டுக்கு வந்தது ரஷீதும் மைக் ஜேம்ஸும்.

இதுல கில்லாடித்தனம் ஹண்டர். பாஸ்டன் அவரை உடனே கழட்டிவிட்டுச்சு, அவர் நேரா டெட்ராய்டுக்கே திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். இன்னைக்கு இது நடக்காது, ட்ரேடு பண்ணின டீமுக்கே அந்த சீசன்ல திரும்பி வர விதி தடுக்குது. ஆக பேக்கப் கார்டு (பந்தைக் கொண்டு வர்ற மாற்று ஆள்) போகவே இல்ல, கூடுதலா மைக் ஜேம்ஸும் கிடைச்சார். ரெண்டு பேரும் சேர்ந்து இறங்கினா எதிராளி பந்தை நடுக்கோடு தாண்டிக் கொண்டு வர்றதுக்குள்ள ஷாட் கிளாக்ல (ஷாட் அடிக்க இருக்கற 24 நொடி) ஏழெட்டு நொடி போயிடும்.

ட்ரேடுக்கு முன்னாடி 34-22. பின்னாடி 20-6. ரெண்டு முதல் சுற்று பிக் போச்சேன்னு அழறவங்களுக்கு: அதுல ஒண்ணு டோனி ஆலன், இன்னொண்ணு ஜாஷ் ஸ்மித் ஆச்சு. நல்ல ஆளுங்கதான். கப்புக்கு அந்த விலை கம்மி.

புதுமுகம்22:
ஒரு சந்தேகம். டெட்ராய்ட் விட்டுக்கொடுத்தது சராசரி 84.3 என்று போட்டிருக்கிறார்கள். இப்போது பாதிக்கு மேல் டீம்கள் மூன்று குவார்ட்டரிலேயே அதை எடுத்துவிடுகின்றன. அப்போது எல்லாருமே மெதுவாகத்தானே ஆடினார்கள்? தற்காப்பு பெரிதாகத் தெரிவது வேகம் குறைவு என்பதாலா?

நடுக்கோடு:
நல்ல கேள்வி. ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்று பார்ப்பதை விட்டுவிட்டு, நூறு பொசெஷனுக்கு (பந்து ஒரு டீம் கையில் இருக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பொசெஷன்) இத்தனை என்று பாருங்கள். பாக்ஸ் ஸ்கோரிலிருந்து (ஆட்டத்தின் புள்ளிவிவர அட்டவணை) நீங்களே போடலாம்:

பொசெஷன் ≈ ஷாட் முயற்சி + 0.44 × ஃப்ரீ த்ரோ முயற்சி − தாக்கும் பக்க ரீபவுண்ட் + டர்னோவர் (ஷாட் அடிக்காமல் பந்தை இழப்பது).

அந்த 0.44 எதற்கென்றால், எல்லா ஃப்ரீ த்ரோவும் ஒரு பொசெஷனை முடிப்பதில்லை. இரண்டு ஷாட்டில் முதலாவது, கூடை விழுந்த பிறகு கிடைக்கும் கூடுதல் ஒன்று, டெக்னிக்கல், இவையெல்லாம் கழிய வேண்டும். இரண்டு டீமுக்கும் தனித்தனியாகப் போட்டு சராசரி எடுங்கள்; ஒரு பக்கம் மட்டும் போட்டால் இரண்டு மூன்று பொசெஷன் பிசகும். ஓவர்டைம் ஆட்டத்தை 48 நிமிடக் கணக்குக்குள் கலக்காதீர்கள். அந்த 127-120 ஆட்டம் 63 நிமிடம். அதை அப்படியே சேர்த்தால் அந்தத் தொடரின் தற்காப்பே ஓட்டை மாதிரித் தெரியும்.

அந்த சீசனில் லீக் சராசரி 93.4 புள்ளி, ஆட்டத்துக்குச் சுமார் 90 பொசெஷன், நூறு பொசெஷனுக்கு 103 அளவில். டெட்ராய்ட் விட்டுக்கொடுத்தது நூறுக்கு 95 அளவில். அதாவது வேகத்தைக் கழித்த பிறகும் ஏழெட்டுப் புள்ளி நல்லது. வேகம் ஒரு பகுதியை விளக்கும், இந்த இடைவெளியை விளக்காது. நூறுக்கு இத்தனை என்ற கணக்கில் சான் அன்டோனியோ இவர்களையும் மிஞ்சியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது முழு சீசன் கணக்கு, அதில் ரஷீத் இல்லாத 56 ஆட்டமும் அடக்கம். அவர் வந்த பிறகு மார்ச்சில் வரிசையாக ஐந்து ஆட்டம் எதிராளியை 70க்குக் கீழே நிறுத்தினார்கள்.

கஜன்_ஸ்காபரோ:
ரஷீத் வந்து என்ன மாறினது எண்டதை ஒருத்தரும் விளங்கப்படுத்தேல்லை. நான் சொல்லுறன்.

டெட்ராய்டின்ர சென்டர் பென் வாலஸ் ஒரு ஆளைப் பிடிக்கிறதிலும் பார்க்க, மற்றப் பக்கத்திலயிருந்து ஓடிவந்து உதவுறதிலதான் பெரிய ஆள். ஆனா அவர் உதவப் போனால் அவற்ற ஆள் கூடைக்குக் கீழ தனிய நிப்பான். பந்து அவனிட்டப் போனால் லேசான ரெண்டு புள்ளி. ரஷீதுக்கு முந்தி அந்த இடத்தில ஓகுர், கேம்பல், வில்லியம்சன் எண்டு மாறி மாறி நிண்டவை. ஓகுருக்குக் கால் மெதுவு, வில்லியம்சனுக்கு உயரம் காணாது, கேம்பலுக்கு வயசு. ரஷீத் 211 சென்ரிமீற்றர், பந்து வாறதுக்கு முதலே எங்க போகும் எண்டு வாசிக்கிற ஆள். பென் கிளம்பின உடனை ரஷீத் கீழ இறங்கி அந்த வெற்றிடத்தை அடைப்பார். ரஷீத் விட்டிட்டு வந்த ஆளை பிரின்ஸ் அல்லது ஹாமில்டன் ஒரு அடி உள்ள வந்து மூடுவினம். மூண்டு பேரும் ஒரே நேரம் நகரவேணும். ஒருத்தர் அரை செக்கன் பிந்தினாலும் மூலையில ஒருத்தன் தனிய நிண்டு த்ரீ (மூண்டு புள்ளி ஷாட்) அடிப்பான்.

அதோட, பின்னால நிண்டு கத்துற வேலை. ஸ்க்ரீன் (தாக்குற டீம் ஆள் வழியில அசையாமல் நிண்டு மறிக்கிறது) இடப்பக்கமோ வலப்பக்கமோ, மாறுறதோ கடந்து போறதோ எண்டு முன்னுக்கு நிக்கிற கார்டுக்குத் தெரியாது. முதுகுப் பக்கம் பாக்கிற பெரிய ஆள்தான் சொல்லவேணும். ஒலியைக் கூட்டி அந்த ஆட்டங்களைப் பாத்தால் ரஷீதின்ர குரல் விடாமல் கேக்கும்.

விதி ஒண்டையும் மறக்கக்கூடாது. 2001-02இல சோன் தற்காப்பை (ஆளுக்குப் பதிலா இடத்தைக் காக்கிறது) அனுமதிச்சு, பதிலுக்கு தற்காப்பு 3 செக்கன் விதியைக் கொண்டுவந்தவை. ஒரு ஆளைக் கை எட்டுற தூரத்தில காக்காமல் பெயின்டுக்குள்ள (கூடைக்கு முன்னால நிறமடிச்ச பகுதி) 3 செக்கனுக்கு மேல நிண்டால் டெக்னிக்கல் ஃபவுல். பென் எண்ணி எண்ணி ஒரு கால் வெளிய வைச்சிட்டுத் திரும்ப உள்ள வருவார். ஷாக் பெயின்டில நிக்கேக்க அவரைக் காக்கிற ஆளுக்கு அந்த எண்ணிக்கையே இல்லை. அவர் உள்ளேயே நிக்கலாம், மற்றவர் வெளிய கால் வைச்சு வைச்சுக் காத்திருக்கலாம். ரெண்டு வாலஸும் மாறி மாறிச் செய்தது இதுதான்.

முக்கோணம்:
கஜன், இது நல்லா இருக்கு. ஆனா ஷாக் ஆட்டத்துக்கு 26.6 புள்ளி எடுத்தாரே, ஷாட்ல 63 சதவீதம் விழுந்ததே. அவரை யாரும் நிறுத்தலையே?

கஜன்_ஸ்காபரோ:
நிப்பாட்ட வெளிக்கிடவே இல்லை, திட்டமே அதுதான். மற்ற டீமுகள் ஷாக்கிட்டப் பந்து போன உடனை ரெண்டு பேரை அனுப்புங்கள். அவர் வெளிய எறிவார், ஃபிஷர் அடிப்பார், அதோட கதை முடிஞ்சுது. டெட்ராய்ட் கோச் லாரி பிரவுன் ஒரு ஆளைத்தான் விட்டவர்: பென், ரஷீத், பெஞ்சிலயிருந்து கேம்பல். பின்னால நிண்டு, இடுப்பால தாங்கி, ஷாக்கை ஒரு அடி வெளிய தள்ளிவைக்கிறது. லேசா விழப்போற மாதிரி இருந்தால் ஃபவுல். மற்ற நாலு பேரும் தங்கட ஆளை விட்டு அசையக்கூடாது.

முதலாவது ஆட்டத்தைப் பாருங்கோ. ஷாக் 34, கோபி 25. லேக்கர்ஸ் மொத்தம் 75. மிச்ச எல்லாருக்கும் சேர்த்து 16!

நடுக்கோடு:
அந்தக் கணக்கைத் தொடர் முழுக்க நீட்டினால் இன்னும் தெளிவாகிறது. ஷாக் ஐந்து ஆட்டத்தில் 84 ஷாட், 55 ஃப்ரீ த்ரோ, 133 புள்ளி. கோபி 113 ஷாட், 25 ஃப்ரீ த்ரோ, 113 புள்ளி. மொத்தம் 409இல் இந்த இருவரைக் கழித்தால் மீதி அத்தனை பேருக்கும் 163, ஆட்டத்துக்கு 33கூட இல்லை. பேட்டனின் சராசரி 4.2.

மேலே சொன்ன 0.44ஐ இங்கேயும் போடுங்கள். ஷாக்: 84 + 24 = 108 வாய்ப்பு, 133 புள்ளி. கோபி: 113 + 11 = 124 வாய்ப்பு, 113 புள்ளி. ஒரு வாய்ப்புக்கு 1.23 புள்ளி தருபவரைவிட 0.91 தருபவர் 16 வாய்ப்பு அதிகம் எடுத்திருக்கிறார். "பந்தை ஷாக்குக்குக் கொடுத்திருக்கலாமே" என்ற பழைய வாதம் இதில்தான் நிற்கிறது. ஃப்ரீ த்ரோவைச் சேர்க்காமல் ஷாட்டை மட்டும் எண்ணி 29 வித்தியாசம் என்கிறவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள்.

முக்கோணம்:
கொடுத்திருக்கலாம்தான், எப்படிக் கொடுக்கறது? ட்ரையாங்கிள்ல (லேக்கர்ஸோட தாக்குதல் முறை) பந்து போஸ்டுக்கு (கூடைப் பக்கம் ஷாக் நிக்கற இடம்) போகணும்னா விங்ல (பக்கவாட்டுல) நிக்கறவனுக்கு நேரா ஒரு பாஸ் கோணம் வேணும். பிரின்ஸ் கோபி மேல ஒட்டாம ஒரு கை தூரம் தள்ளி நின்னு, அந்த நீளக் கையை பாஸ் போற வழியிலயே வெச்சிருப்பார். ஷாக் இடம் பிடிச்சு மூணு செகண்ட் ஆனதும் வெளிய போகணும். அதுக்குள்ள ஷாட் கிளாக் 8க்கு வந்திடும், கோபி எழும்பி அடிக்க வேண்டியதுதான். 23 த்ரீல 4தான் விழுந்தது, பாதி அந்த மாதிரி கடைசி நொடி ஷாட். பிரின்ஸ் ஃபேக்குக்கு (ஷாட் போடற பாவனை) எழும்பவே மாட்டார், அதனால ஃபவுலும் கிடைக்கல. கோபிக்கு அஞ்சு ஆட்டத்துல வெறும் 25 ஃப்ரீ த்ரோன்னா யோசிச்சுப் பாருங்க.

பேட்டனைத் திட்டறாங்களே, பாவம், அவருக்கு பந்து கையில இருக்கணும். ட்ரையாங்கிள்ல மூலையில நின்னு காத்திருக்கற வேலை அவருக்கு ஆகாது. அது ஆள் எடுத்தப்பவே தெரிஞ்ச விஷயம்.

பெஞ்சுக்காரன்:
இன்னொரு பக்கத்தையும் பாருங்க. ஷாக் ஸ்க்ரீனுக்கு வெளிய வர மாட்டார், பெயின்ட்லயே நிப்பார். டெட்ராய்ட் கார்டு பிலப்ஸ் ஸ்க்ரீனைச் சுத்தி வந்தா முன்னாடி 15 அடி காலி. பேட்டனோ ஃபிஷரோ ஸ்க்ரீன்ல மாட்டி பின்னாலேயே ஓடி வருவாங்க, அவர் நிதானமா நின்னு அடிப்பார். ஸ்க்ரீன் போட்டது ரஷீதுன்னா இன்னும் மோசம், அவர் த்ரீ கோட்டுக்கு வெளிய நகர்ந்திடுவார். ஃபைனல்ஸ் எம்.வி.பி.யா (தொடரின் சிறந்த ஆட்டக்காரர்) பிலப்ஸ் எடுத்த 21 புள்ளி சராசரில பெரும் பகுதி இப்படி வந்ததுதான். பாஸ்டன் 51 ஆட்டத்துல தூக்கிப்போட்ட ஆளு, அப்புறம் டொரன்டோ, டென்வர், ஆர்லாண்டோ, மினசோட்டான்னு சுத்தி, 2002ல மிட்-லெவல் (வரம்பு தாண்டின டீமும் கொடுக்கக்கூடிய நடுத்தர) சம்பளத்துக்கு வந்தவர். பென் வாலஸ் டிராஃப்ட்லயே யாரும் எடுக்காதவர். 2003 டிராஃப்ட்ல ரெண்டாவது பிக்ல வந்த டார்கோ மிலிசிச் பெஞ்ச்ல கடைசி நாற்காலி. அதே டிராஃப்ட்ல கார்மெலோ, பாஷ், வேட் எல்லாம் அடுத்தடுத்து போனாங்க, இத பேச ஆரம்பிச்சா தனி இழை வேணும், விட்டுடறேன்.

புதுமுகம்22:
ஹாமில்டன் ஓடிக்கொண்டே இருப்பதாகத் தெரிகிறது. அதைப் பார்த்துக் கற்க என்ன கவனிக்க வேண்டும்?

கஜன்_ஸ்காபரோ:
பந்தைப் பாக்காதேங்கோ, ஹாமில்டனையும் அவரைத் துரத்துறவனையும் மட்டும் பாருங்கோ. கூடைக்குக் கீழயிருந்து துவங்குவார், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்க்ரீன் நிக்கும். துரத்துறவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தால் ஸ்க்ரீனைச் சுத்தி வளைஞ்சு கூடைப்பக்கம் போவார். குறுக்கு வழியால உள்ளுக்குள்ள வெட்டி வந்தால் மூலைப்பக்கம் விலகுவார். ஸ்க்ரீனுக்கு மேல நிண்டு மறிச்சால் பின்வழியால கூடைக்கு. தோள் ஸ்க்ரீனில உரசுற அளவு கிட்டப் போகவேணும். ஒரு ஆள் நுழையிற இடைவெளி விட்டாலே ஸ்க்ரீன் வீண். எங்கட பிள்ளையள் பிழைவிடுற இடமும் அதுதான்: ஸ்க்ரீன் வந்து நிக்கமுதலே ஓடத் துவங்கிவிடுவினம். மூண்டாவது ஆட்டத்தில 31 புள்ளி எடுத்தவர், அதைப் போட்டுப் பாருங்கோ.

முக்கோணம்:
சரி, ரெண்டாவது ஆட்டம். கடைசி ஒரு நிமிஷத்துக்குள்ள டெட்ராய்ட் 89-83. ஷாக் கூடையும் ஃப்ரீ த்ரோவும் போட்டு 89-86. அப்புறம் 2.1 நொடி இருக்கும்போது கோபி ஹாமில்டன் தலைக்கு மேல த்ரீ, 89-89. ஓவர்டைம்ல டெட்ராய்ட் எடுத்தது ரெண்டே புள்ளி. மூணு புள்ளி முன்னிலைல ஏன் ஃபவுல் பண்ணல? லாரி பிரவுனை யாரும் கேக்க மாட்டேங்கறீங்க.

பெஞ்சுக்காரன்:
பண்ணிருக்கணும்ங்கறதுதான் என் கட்சி. ஆனா அவ்வளவு லேசில்ல. பந்து வாங்கினவன் ஷாட்டுக்கு எழும்பறதுக்கு முன்னாடி பிடிக்கணும், ஒரு நொடி தாமதிச்சா மூணு ஃப்ரீ த்ரோ, இன்னும் மோசமா கூடையும் விழுந்து நாலாவது. கோபி மாதிரி ஆளு கை படுதுன்னு தெரிஞ்சாலே எழும்பிடுவார். எனக்கு ஒரு வழிதான் படுது, கோபிக்கு முதல் பாஸே போகாம தடுத்து, வேற யார் கைக்காவது பந்து போனதும் அங்க ஃபவுல் பண்றது.

நடுக்கோடு:
அந்த ஆட்டத்தையும் எடுத்திருந்தால் 4-0 ஆகியிருக்கும் என்பதோடு விடுகிறேன். அதற்குப் பிறகு டெட்ராய்டில் மூன்று ஆட்டம், மூன்றும் வெற்றி. 2-3-2 முறை (முதல் இரண்டும் கடைசி இரண்டும் ஒரு ஊரில், நடு மூன்று மற்ற ஊரில்) 1985இல் வந்ததிலிருந்து அதுவரை நடு மூன்றையும் சொந்த ஊரில் யாரும் எடுத்ததில்லை, இவர்கள்தான் முதல்.

புதுமுகம்22:
அடுத்த வருடம் கைவைப்பு விதியை இறுக்கியது இவர்களால்தான் என்கிறார்களே?

நடுக்கோடு:
இவர்களால் மட்டும் என்று சொல்வது மிகை. இண்டியானா தொடரைப் பாருங்கள்: ஆறு ஆட்டத்தில் எந்த டீமும் 85ஐத் தாண்டவில்லை, கடைசி ஆட்டம் 69-65. இரண்டாவது ஆட்டம் 72-67, அதில் டெட்ராய்ட் மட்டும் 19 பிளாக். தனியாக ஓடிய ரெஜி மில்லரைப் பின்னாலிருந்து துரத்தி பிரின்ஸ் தட்டியது அதில்தான். விளையாட்டாகப் பார்த்தால் அற்புதம், டிவிக்காரர்களுக்குத் தலைவலி. வட்டத்துக்கு வெளியே கையால் தள்ளி வழிமறிப்பதை 2004-05இலிருந்து நடுவர்கள் கண்டிப்பாக விசில் அடித்தார்கள், லீக் சராசரி 93.4இலிருந்து 97.2க்குப் போனது. டெட்ராய்ட் அந்த விதியிலும் அதே 54-28 எடுத்து, ஃபைனல்ஸில் சான் அன்டோனியோவோடு ஏழாவது ஆட்டம் வரை போனது. கைவைப்பை மட்டும் நம்பிய தற்காப்பு என்றால் அப்போதே சரிந்திருக்கும்.

பெஞ்சுக்காரன்:
அந்தக் கோடைல ரஷீதுக்கு 5 வருஷம் 57 மில்லியன் கொடுத்துட்டு ஓகுரை யூட்டாவுக்கு விட்டாங்க, அவருக்கு அங்க 6 வருஷம் 50 மில்லியன். சம்பள விதிப்படி ரெண்டு பேரையும் பிடிச்சு வைக்கறது கஷ்டம். 2005ல ஏழாவது ஆட்டம் தோத்ததுக்கு விதியைவிட அந்த பெஞ்ச் ஓட்டைதான் காரணம்னு நான் சொல்வேன்.

புதுமுகம்22:
கடைசியாக, ஒரே ஒரு பகுதி பார்க்க நேரம் இருக்கிறது என்றால் எது?

கஜன்_ஸ்காபரோ:
நாலாவது ஆட்டம், நாலாவது குவார்ட்டர். 56-56 எண்டு துவங்கும். டெட்ராய்ட் அதில 32 அடிச்சது. ஷாக்குக்கு அண்டைக்கு 36 புள்ளி, 20 ரீபவுண்ட், அப்பிடியிருந்தும் தோல்வி. ரஷீத் 26 புள்ளி, 13 ரீபவுண்ட். ரெண்டு தரம் பாருங்கோ: முதல் தரம் ரஷீதை மட்டும், ரெண்டாம் தரம் பிரின்ஸின்ர காலை மட்டும்.

முக்கோணம்:
நான் அஞ்சாவது ஆட்டத்து மூணாவது குவார்ட்டரைச் சொல்வேன், 27-14. லேக்கர்ஸ் ரசிகனா இருந்தா சாப்பிடறதுக்கு முன்னாடி பாக்காதீங்க.